அணையை இடித்தார்கள், பில் யார் கட்டினார்கள்?

அமெரிக்காவில் ஆரிகன், கலிபோர்னியா என்ற இரு ராஜ்யங்களின் ஊடே கிளமத் என்றொரு நதி ஓடுகிறது. அதன் குறுக்கே 1918 முதல் 1962 வரை கட்டப்பட்ட நான்கு அணைகளை 2023-லும் 2024-லும் இடித்துத் தள்ளினார்கள். அந்நாட்டின் சரித்திரத்தில் இவ்வளவு பெரிய அணை இடிப்பு நடந்ததில்லை. இது இயற்கைப் பிரியர்களின் வெற்றி என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மையே.

சால்மன் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட நதியில் எதிர்த்து ஏறிவரும். கூழாங்கல்லுக்கிடையே முட்டையிட்டுச் சாகும். குஞ்சுகள் உடனே கடலுக்குப் போவதில்லை. வெள்ளம் பரவும் தாழ்நிலத்திலும் கிளை ஓடைகளிலும் மாதக்கணக்கில், சில இனங்கள் ஒரு வருஷம்கூட, பூச்சி புழு தின்று தேற வேண்டும். தேறிய குஞ்சுதான் கடலில் பிழைக்கும். தண்ணீர் நிற்கும் வயலில் குட்டி மீன் எப்படிக் கொழுக்கிறது என்பதை நடவு நட்டவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா?

இந்த அணைகள் 400 மைலுக்கு மேற்பட்ட நீர்வழியை மீனுக்கு அடைத்துவிட்டன. பாசனத்துக்காகக் கட்டியவையும் அல்ல. மின்சாரம் விற்று லாபம் பார்க்கக் கம்பெனி கட்டியவை. தேங்கிய நீர் சூடேறிப் பாசி பிடித்து நாறியது.

2001 வறட்சியில் மேல்நதி விவசாயிகளுக்கு வாய்க்கால் தண்ணீர் நிறுத்தப்பட்டது. 2002-ல் அவர்களுக்குத் தண்ணீர் விடப்பட்டது. செப்டம்பரில் கீழ்நதியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சால்மன் செத்து மிதந்தன. விவசாயியும் மீனவனும் ஒருவரையொருவர் முறைத்து நின்றார்கள். கம்பெனியோ மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது!

யூரோக், கருக், கிளமத் பூர்வகுடி ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. அன்றைய உரிமையாளர் ஸ்காட்லாந்து நாட்டுக் கம்பெனி. 2004-ல் கடல் கடந்து எடின்பரோ சென்று, அதன் பங்குதாரர் கூட்டத்தின் வாசலில் நின்று நியாயம் கேட்டார்கள்.

இடிப்பதற்கு ஒதுக்கிய 45 கோடி டாலரில் 20 கோடி மின்சாரம் வாங்கிய ஜனங்களின் பில்லில் சேர்த்து வசூலிக்கப்பட்டது. மீதி 25 கோடி கலிபோர்னியா சர்க்காரின் கடன் பத்திரப் பணம். பல்லாண்டு லாபம் தின்றவன் கையைத் துடைத்துக்கொண்டு போனான். இது அநியாயம் என்பதே நம் கருத்து. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்த பூர்வகுடி ஜனங்களை நாம் குறை சொல்லமாட்டோம். கணக்குத் தீரும்வரை மீன் காத்திருக்காது.

ஏரி வற்றிய சேற்று நிலத்தில் யூரோக் தொழிலாளிகள் கோடிக்கணக்கான நாட்டு விதைகளைக் கையால் தூவினார்கள். 2024 அக்டோபரில், 1912-க்குப் பிறகு முதல் தடவையாக, ஆரிகன் பகுதி ஓடையில் சால்மன் காணப்பட்டது.

வழி திறந்தாயிற்று, குஞ்சு தங்கும் இடம்? கரை கட்டி அடைத்த தாழ்நிலத்தைத் திறக்க வேண்டும். நேராக்கிய ஓடையை மறுபடி வளைத்து, மரங்களைச் சாய்த்து நிழலும் மடுவும் உண்டாக்க வேண்டும். இது வருஷக்கணக்கான கூலி வேலை. கலிபோர்னியாக் கடலில் சால்மன் குறைந்ததால் 2023, 2024, 2025 மூன்று வருஷமும் சால்மன் பிடிக்கும் தொழில் தடை செய்யப்பட்டது. வலையைச் சுருட்டி வைத்த அந்த மீனவருக்கு முதலில் இந்த வேலையைக் கொடுக்கட்டும்.