அம்மாவின் பாதத்தை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை

என் அம்மாவின் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். 2022 தை மாதம். ஊரெல்லாம் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. 40 வருஷம் சேற்றில் இறங்கி நாற்று நட்ட கால் அது.

சர்க்கரை வந்து கால் போய்விட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஒரு நத்தை ஓடு கிழித்த கீறலை 3 மாதம் அழுகவிட்டதால் போன கால் அய்யா அது!

ஐப்பசி நடவில் கட்டைவிரலுக்கு அடியில் கிழித்திருக்கிறது. எப்போது என்று அம்மாவுக்கே தெரியாது. சாயங்காலம் கால் கழுவும்போது நான்தான் பார்த்தேன். "வலிக்கவே இல்லடி, சேத்துப்புண்ணா இருக்கும்" என்றாள். அந்த வலிக்காததுதான் ஆபத்து என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? சர்க்கரை பல வருஷம் கட்டுக்குள் இல்லாமல் போனால் பாதத்து நரம்பு மரத்துப்போகும், முள் ஏறினாலும் தெரியாது, ரத்த ஓட்டமும் குறைந்துவிட்டால் புண் ஆறாது என்பதையெல்லாம் அறுவைசிகிச்சை வார்டு வராந்தாவில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

அதற்குமுன் 9 வருஷம் மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போயிருக்கிறோம். விரலில் குத்தி ரத்தம் பார்ப்பார்கள். அளவை நோட்டில் எழுதுவார்கள். அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். "செருப்பைக் கழட்டுங்கம்மா, காலைக் காட்டுங்க" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யாராவது கேட்டிருக்கக் கூடாதா? ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைதான். சில நிமிஷ வேலை.

அந்தக் கீறலுக்கு மருதாணியும் மஞ்சளும் அரைத்து வைத்தோம். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாற்றம் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வரச் சொன்னார்கள். வரப்பு வழியே பஸ் நிறுத்தத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர். புண்ணுக்குக் கட்டுப்போட அந்தப் புண்ணையே ஊன்றி நடந்து போனாள் என் அம்மா! உள்ளங்கால் புண் ஆற வேண்டுமானால் முதலில் அதன்மேல் பாரம் விழக்கூடாது. அதையும் ஒருவரும் சொல்லவில்லை.

காய்ந்து ஒட்டிப்போன துணியை உப்புநீர் விட்டு ஊறவைத்து எடுக்க நேரமில்லை. வெளியே அவ்வளவு பெரிய வரிசை. இழுத்தார்கள். புதிதாக வளர்ந்திருந்த சிவந்த சதையும் கூடவே வந்தது. அம்மா சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் வலிக்காதே.

கட்டு மாற்றிய நர்சம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊசி, பிரசவம், பதிவேடு, கட்டு எல்லாவற்றுக்கும் அவர் ஒருத்தர்தான். ஒரு ஆளை வைத்து நாலு ஆள் வேலை வாங்குகிறவர்களைத்தான் கேட்கிறேன். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு 2023இல் சொன்னது. இத்தனை பேர் பாதத்தைப் பார்க்க ஆள் வேண்டாமா?

பிறகு சர்க்கரைக்காரர்களின் பாதத்தைப் பரிசோதிக்கிற 'பாதம் பாதுகாப்போம்' என்ற அரசுத் திட்டம் வந்தது. எங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தில்தான் முதலில் செய்து பார்த்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் அந்தச் செய்தியை அம்மாவுக்குப் படித்துக்காட்ட எனக்கு வாய் வரவில்லை.

மாத்திரை இப்போது வாசலுக்கே வருகிறது. புண்ணைக் கழுவிக் கட்டுப்போடப் பழகிய ஒரு நர்சும் அதே வாசலுக்கு வரட்டும். நடவு தொடங்குமுன் வயலில் இறங்கும் பெண்களின் பாதங்களைத் திருப்பிப் பார்க்கட்டும். கேட்பது அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இடது கால் மிச்சமிருக்கிறது. அதுவும் மரத்துவிட்டது. தினமும் ராத்திரி விளக்குக்கு நேரே வைத்து, விரலிடுக்கு விடாமல் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், இன்றைக்கே அவர் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். வலிக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.