லைட் போட்டால் முள் ஏறுகிறதா? எர்த்தைப் பாருங்கள்!

“மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஆத்தூர் சேகோ ஆலைக்கு ஓட்டும் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். போன பட்டத்தில் லோடோடு போகும்போது இன்ஜின் சூடாகி ஹெட் கேஸ்கட் போய்விட்டது. டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கு எரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அதனால் டெம்பரேச்சர், ஆயில் பிரஷர், வோல்ட் என மூன்று மீட்டர் வாங்கி உள்ளூரில் மாட்டினேன். பகலில் 85 டிகிரி காட்டுகிறது. இரவில் லைட் போட்டதும் 100-க்கு ஏறுகிறது. வண்டியை ஒரு வாரம், பத்து நாள் நிறுத்தினால் பேட்டரியும் இறங்கிவிடுகிறது. மீட்டர் கோளாறா, வயரிங் கோளாறா?”

- ஒரு வாசகர், தம்மம்பட்டி, சேலம் மாவட்டம்.

மீட்டர் மேல் பழி போட வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறையும் வயரிங்கில் வருபவை. அரை நாள் வேலையில் சரிசெய்துவிடலாம். பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் கறுக்க ஆரம்பித்துவிடும். லோடோடு வழியில் நின்றால் நஷ்டம் கிழங்கிலும் சேர்ந்து வரும். ஆகவே, மீட்டர் சொல்வதை நம்பும்படி வைத்துக்கொள்வது அவசியம்.

முதலில் முள் ஏறும் விஷயம். மூன்று மீட்டருக்கும் உள்ளே இருக்கும் பல்புகளுக்கும் சேர்த்து ஒரே கறுப்பு வயரை ஏதோ ஒரு ஸ்க்ரூவில் கட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் பெயின்டோ துருவோ இருந்தால் எர்த் சரியாகக் கிடைக்காது. 3 வாட் பல்பு மூன்று என்றால் 9 வாட். 12 வோல்ட்டில் அது முக்கால் ஆம்பியர். எர்த் இணைப்பில் 1 ஓம் தடை இருந்தால்கூட, லைட் போட்டதும் மீட்டரின் எர்த் முக்கால் வோல்ட் உயர்ந்துவிடும். சென்சாரோ இன்ஜினில் நல்ல எர்த்தில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தைத்தான் மீட்டர் ‘சூடு’ என்று காட்டுகிறது. உண்மையில் இன்ஜின் சூடாகவில்லை.

சோதிப்பது எளிது. பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு தனி வயரை இழுத்து மீட்டரின் எர்த் முனையில் தொடுங்கள். லைட் போட்டும் முள் அசையாவிட்டால் குறை எர்த்தில்தான். பெயின்டைச் சுரண்டி, வளைய லக் அடித்து, நட்டு போல்ட்டில் இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். பல்புகளுக்குத் தனி எர்த் கொடுத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது பேட்டரி. மீட்டரின் சிவப்பு வயரை நேராக பேட்டரியில் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சாவியை எடுத்த பிறகும் முள் உயிரோடு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதுதான் காரணம். மூன்று மீட்டரும் சேர்ந்து 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். பத்து நாளில் 75 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறக்குறைய காலி.

வயர்களை இப்படி மாற்றுங்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும்.

* மீட்டரின் சிவப்பு வயர்: சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஃப்யூஸிலிருந்து, ஃப்யூஸ் டேப் வழியாக. 3 ஆம்பியர் ஃப்யூஸ் போதும்.

* பல்பு வயர்: பார்க்கிங் லைட் லைனிலிருந்து. பார்க்கிங் லைட் போடும்போது மட்டும் மீட்டரும் ஒளிரும். எல்.இ.டி. பல்பானால் பிளஸ், மைனஸ் மாறினால் எரியாது, திருப்பிப் போடுங்கள்.

* சென்சார் வயர்: மீட்டரோடு வந்த சென்சாரையே போட வேண்டும். வேறு சென்சார் போட்டால் அளவு தவறும். வண்டியில் ஏற்கெனவே உள்ள சென்சார் வயரில் ஒட்டுப்போடாதீர்கள். புது வண்டிகளில் அது இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகிறது.

* ரேடியேட்டர் ஹோஸை வெட்டி நடுவில் அடாப்டர் வைத்து சென்சார் மாட்டியிருந்தால், அதற்குத் தனி எர்த் வயர் கட்டாயம். ரப்பர் ஹோஸ் வழியாக எர்த் கிடைக்காது. சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினாலும் இதே சிக்கல்தான்.

* இன்ஜின் அறையிலிருந்து கேபினுக்கு வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போடுங்கள். தகரத்தில் உரசி வயர் தோல் கிழிந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். ஃப்யூஸை, கரன்ட் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஆயில் பிரஷருக்குச் சிலர் மெல்லிய குழாய் வழியாக ஆயிலையே கேபினுக்குள் கொண்டுவரும் மீட்டர் போடுவார்கள். குழாய் உடைந்தால் கொதிக்கும் ஆயில் காலில் கொட்டும். வயர் வழியாக வேலைசெய்யும் மீட்டரே பாதுகாப்பு.

இனி, மீட்டரைப் படிக்கும் விதம். இன்ஜின் ஓடும்போது வோல்ட் பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் ஃபேன் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. டெம்பரேச்சர் 80 முதல் 95 வரை இயல்பு. 105-ஐத் தொட்டால் ஓரங்கட்டுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. ஆயில் பிரஷர் சட்டென்று கீழே விழுந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுதும் போய்விட்டால் சென்சார் காற்றில் நிற்கும். அப்போது முள் ஏறாமல் இறங்கவும் செய்யும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏறும்போது முள் திடீரென்று இறங்கினால் ‘குளிர்ந்துவிட்டது’ என்று சந்தோஷப்படாதீர்கள். நிறுத்திப் பாருங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன் தண்ணீரையும் ஆயிலையும் கண்ணால் பார்க்கும் பழக்கத்தை மீட்டர் வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

வண்டி வாரன்டியில் இருந்தால், வயரில் கைவைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.