தகவலியற் கல்வியைத் தாங்குக!

பொறிகளைப் படைக்கும் கல்விக்கு இன்று தமிழ்நாட்டில் குறைவில்லை. பொறியியற் கல்லூரிகள் நூற்றுக் கணக்கில் இயங்குகின்றன. கணிப்பொறிப் பயிற்சி என்றவுடன் பெற்றோர் கடன்பட்டும் பிள்ளைகளைச் சேர்க்கின்றனர். அரசும் செல்வரும் அத்துறைக்கே வாரி வழங்குகின்றனர். ஆனால், அப்பொறிகளுள் இடப்பெறும் அறிவை எவ்வாறு தொகுப்பது, எவ்வாறு வகைப்படுத்துவது, எவர்க்கு எவ்வகையில் சென்று சேர்ப்பது என்று ஆராயும் தகவலியலோ பல்கலைக்கழகத்தின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கின்றது. பொறி எது என்று கேட்பார் பலர். பொறி யார்க்கு என்று கேட்பார் சிலரே. இவ்விரண்டாம் வினாவைக் கேட்கக் கற்பிக்கும் கல்விதான் தகவலியற் கல்வி என்க.

இக்கல்வி தமிழ்மண்ணுக்குப் புதியதன்று. 1892-இல் சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராயிருந்த அரங்கநாதனார், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். இலண்டனுக்குச் சென்று நூலகவியல் பயின்று மீண்ட அவர், 1931-இல் நூலகவியலின் ஐந்து நெறிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். நூல்கள் பூட்டிக் காப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே. படிப்பவர் எவராயினும் அவர்க்குரிய நூல் அவரைச் சென்றடைதல் வேண்டும். அவருடைய பொழுது வீணாதல் கூடாது என்பனவே அந்நெறிகளின் சாரம். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து மீண்டும் இணைத்துக் காட்டும் புதுமுறையாகும். சிறுவர் இணைத்தும் பிரித்தும் விளையாடும் உலோகத் துண்டுகளை இலண்டன் கடையொன்றில் கண்டதே அம்முறைக்கு வித்தாயிற்று. இன்று உலகெங்கும் தகவலியலார் கையாளும் கூற்றுப் பகுப்பு முறைகட்கு அவருடைய ஆய்வே முன்னோடி. அவர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதினார் எனினும், அவ்வறிவு இம்மண்ணில் விளைந்தது என்பதை எவரும் மறுக்கவியலாது.

அவர் அறிவோடு நில்லாமல் அமைப்பையும் கட்டினார். 1929-இல் தொடங்கிய நூலகப் பயிற்சிப் பள்ளியை 1931-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் கனகசபையார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்தோறும் கொண்டு சென்றார். மக்களுக்குரிய தொழில்நுட்பம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? வண்டியும் பழையது, மாடும் பழையது, ஆனால், நூலகத்துக்கு வரவியலாத உழவனிடம் நூலகமே செல்லவேண்டும் என்ற எண்ணம் புதியது! 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொதுநூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டமாகும். பிற்காலத்தில் அரங்கநாதனார் தம் வாழ்நாட் சேமிப்பான ஓர் இலக்கம் உருபாவை நூலகவியற் கல்விக்கெனச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே அளித்தார். ஒரு நூலகர் தம் ஊதியத்தில் மிச்சம் பிடித்துத் தாங்கிய துறையை, கோடிகளில் புரளும் அரசும் செல்வரும் தாங்கத் தயங்குவது எவ்வகையில் தகும்?

துறையைத் தாங்காவிடின் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. நூலகப் பகுப்புக்குப் பேர்போன மெல்வில் தூயி 1887-இல் கொலம்பியாவில் தொடங்கிய நூலகப் பள்ளி 1992-இல் மூடப்பட்டது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற நூலகப் பள்ளியும் 1989-இல் மூடப்பட்டது. மாறாக, 1974-இலேயே தன் பள்ளியைத் தகவலியற் பள்ளி எனப் பெயர்மாற்றி விரிவாக்கிய சிராக்கியூசும், 1996-இல் அவ்வழி சென்ற மிச்சிகனும் நிலைத்தன, வளர்ந்தன. மாந்தர், தகவல், பொறி ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்தமையே அவ்வளர்ச்சிக்குக் காரணம்.

மக்களை முன்வைத்துப் பொறியை அமைப்பது எங்ஙனம் என்பதை நார்வே நாடு காட்டியது. கணிப்பொறி மொழியொன்றைப் படைத்தவர்களுள் ஒருவரான கிறித்தென் நைகார், 1970-களின் தொடக்கத்தில் இரும்பு, மாழைத் தொழிலாளர் கழகத்தோடு சேர்ந்து உழைத்தார். பட்டறைக்குள் வரவிருக்கும் கணிப்பொறியைப் பற்றித் தொழிலாளரே கற்று, அதனால் தம் பணிக்கு நேரும் மாற்றங்களை ஆராய்ந்து, தம் கருத்தைச் சொல்லும் உரிமை பெறவேண்டும் என்பதே அம்முயற்சியின் நோக்கம். அதன் விளைவுகளுள் ஒன்றாக, 1975-இல் தொழிலாளர்க்கும் முதலாளியர்க்குமிடையே கணிப்பொறி பற்றிய உடன்படிக்கையே எழுந்தது. பின்னர் 1981 முதல் 1985 வரை, வடபுல நாடுகளின் அச்சுத் தொழிலாளரோடு ஆய்வாளர் சேர்ந்து புதிய அச்சுக்கோப்புக் கருவிகளை வடிவமைத்தனர். கருவி உருவாகுமுன்னரே அட்டையாலும் பலகையாலும் அதன் போலிகையைச் செய்து தொழிலாளர் முன்வைத்து, அவர் கை பழகும் வகையை அறிந்தனர். எழுத்துக்கோப்பவனின் கைத்திறத்தை ஒழிக்காமல் அதற்குத் துணைநிற்கும் கருவியே அவர்கள் நாடியது.

அவ்வாறு பயன்படுத்துவோரைக் கேளாமல் அமைத்தால் நேர்வது என்ன? தமிழெழுத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள்! 1991-இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழுக்கு அளித்த இடம், இந்திய அரசு 1988-இல் வகுத்த பொதுக் குறியீட்டு முறையைத் தழுவியது. அம்முறை வடபுல எழுத்துகளை அச்சாகக் கொண்டது. தமிழின் 247 எழுத்துகளுள் உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18 ஆகிய 31 எழுத்துகளே தனி இடம் பெற்றன. எஞ்சிய 216-உம் இரு குறிகளைச் சேர்த்தே ஆக்கப்பெறுவன. வரிசையும் தமிழ் நெடுங்கணக்கைப் பின்பற்றவில்லை. பயறு, பரல், பலகை, பவளம், பழம், பளிங்கு, பறை, பனை என்பதே தமிழ் அகரவரிசை. குறியெண் வரிசைப்படி அடுக்கினாலோ இறுதியில் நிற்கவேண்டிய பனை முதலில் வந்து நிற்கும். பவளம் இறுதிக்குப் போய்விடும்! தனி நெறி வகுத்துப் பின்னர் இதனைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியோடு அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றது. இது வெறும் பொறியியற் சிக்கலன்று. ஒரு மொழியின் அறிவை எவர் வரிசைப்படுத்துவது என்னும் உரிமைச் சிக்கல். தமிழறிந்த தகவலியலார் பலர் அன்றே அவ்வவையில் இருந்திருப்பின் இந்நிலை நேர்ந்திருக்குமா?

எளியோர்க்கு நேர்வது இதனினும் கொடிது. பங்கீட்டுக் கடையில் விரற்பதிவுக் கருவியின் முன் கைநீட்டி நிற்கும் முதியவளை எண்ணிப் பார்க்க. வாழ்நாளெல்லாம் களைபறித்தும் கல்சுமந்தும் தேய்ந்த விரலைக் கருவி அறிவதில்லை. உழைத்த கையே அவளுக்குப் பகையாகின்றது. அவளைப் பிழையென்னும் பொறியே பிழையுடையது என்று சொல்லவும், அவள் அரிசி தடைப்படாமல் கிடைக்க மாற்றுவழி வகுக்கவும் கற்றவர் வேண்டும்.

தேடுபொறி இருக்கையில் இத்துறை எதற்கு என வினவுவாரும் உளர். தேடுபொறி, தன்னுள் இடப்பெற்றதைத்தான் காட்டும். பனையோலையில் உறங்கும் மருத்துவக் குறிப்பும், பழைய இதழ்களில் மறைந்த கட்டுரையும் பட்டியலிட்டு உள்ளிடப்படாதவரை அதற்கு இல்லாதனவே. அப்பணியைச் செய்வோர் தாமே முளைப்பதில்லை. பல்கலைக்கழகந்தான் அவர்களை உருவாக்குதல் வேண்டும்.

எனவே, செய்ய வேண்டுவன தெளிவானவை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தகவலியல், நிறைவான பணியிடங்களுடன் தனித்துறையாக இயங்குதல் வேண்டும். பாடங்கள் தமிழில் நடைபெறுதல் வேண்டும். மாணவர் ஊர்ப்புற நூலகத்திலும் பங்கீட்டுக் கடையிலும் மீனவர் குப்பத்திலும் அமர்ந்து, மக்களின் தேவையைக் கேட்டறிந்து பயிலுதல் வேண்டும். வீட்டுவரியோடு நூலக வரியும் தமிழ்மக்கள் செலுத்துகின்றனர். அவ்வரிக்குரிய அறிவுப்பணியைக் கேட்டுப் பெறும் உரிமை அவர்களுக்குண்டு.

தமிழன்பர்கள் தத்தம் ஊர் நூலகத்துள் நுழைந்து அங்குள்ள குறைகளைக் கேட்கட்டும். தம் பிள்ளைகளுள் ஒருவரையேனும் இத்துறைக்கு அனுப்பட்டும். மாட்டு வண்டியில் அறிவை ஏற்றிச் சென்ற நாடு, மின்பொறியில் அதனை ஏற்றத் தெரியாமல் திகைத்தல் இழுக்கு. பொறியை ஆளும் அறிவைப் பெறாத இனம், பொறியால் ஆளப்படும்!