கல்லக்குடி: மீண்ட பலகையும் மீளாத முகவரியும்

திருச்சிராப்பள்ளியினின்று விழுப்புரம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், இலால்குடியையும் புள்ளம்பாடியையும் கடந்தால் ஒரு சிறு தொடர்வண்டி நிலையம் எதிர்ப்படும். அதன் பெயர்ப்பலகை 'கல்லக்குடி பழங்காநத்தம்' எனக் காட்டும். விரைவு வண்டிகளுட் பல அங்கு நில்லா. சாளரத்தருகே அமர்ந்திருப்போர் பலகையைப் படித்து முடிக்குமுன் வண்டி அதனைக் கடந்துவிடும். அப்பலகையில் அவ்வூர்ப் பெயர் ஏறுதற்பொருட்டுத் தமிழர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர், சிறை புகுந்தனர், இருவர் உயிரையும் ஈந்தனர். ஆயினும், அந்நிலையத்தில் இறங்கி அவ்வூரில் வாழும் ஒருவருக்கு மடல் எழுத முனைவோர் உறையின்மேல் எழுத வேண்டிய பெயர் கல்லக்குடி அன்று. 'தால்மியாபுரம், 621651' என்பதே அஞ்சல் துறையின் ஏட்டிலுள்ள பெயர்.

தொடர்வண்டித் துறைக்கு அது கல்லக்குடி; பேரூராட்சிக்கும் காவல் நிலையத்திற்கும் கல்லக்குடி; அஞ்சல் துறைக்கும் ஆலைக்கும் தால்மியாபுரம். ஒரே மண்ணில், ஒரே மக்கள்மேல், இரு பெயர்கள் ஏறிக்கிடக்கும் இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும்.

முதற்கண் அந்நிலத்தைக் காண்க. கொள்ளிடத்தின் வடகரையில் இலால்குடி வரை வயலும் வாழைத்தோட்டமுமாய்ப் பசுமை பரந்திருக்கும். புள்ளம்பாடியை நெருங்க நெருங்க நிலம் மேடுறும்; நெல் குன்றும்; கரிசலும் சுண்ணக்கல்லும் தலைகாட்டும். அங்கிருந்து கீழப்பழுவூரும் அரியலூரும் வரை புன்செய் நாடே. பழுவேட்டரையர் என்னும் சோழர் குறுநிலத் தலைவர் வாழ்ந்த பழுவூர் இந்நிலப்பரப்பின் கிழக்கெல்லையில் உள்ளது. காவிரி நீரைக் கொணரும் புள்ளம்பாடி வாய்க்கால் வருமுன், வானத்தை நம்பிச் சோளமும் கம்பும் பருத்தியும் விளைத்த மக்களின் நாடு அது.

இன்று வறண்டு கிடக்கும் அந்நிலம் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்தது. கடலடியிற் பவழமும் சிப்பியும் படிந்து இறுகியதே கல்லக்குடிச் சுண்ணக்கல். உழவர் ஏர்முனையில் நத்தைபோற் சுருண்ட கல்லுருக்கள் அகப்படுவது அப்பகுதியிற் புதுமையன்று. வடமேற்கே சாத்தனூரில் ஏறத்தாழ 60 அடி நீளமுள்ள மரமொன்று கல்லாய்க் கிடப்பதை 1940-இல் நிலவியலறிஞர் ம. சீ. கிருட்டிணன் கண்டறிந்து உலகிற்குக் காட்டினார். உலக நிலவியலார் நூல்களில் அரியலூர் என்னும் பெயர் இடம்பெற்றமைக்குக் கரணியம் இக்கற்களே.

ஊரின் பெயரும் இக்கல்லைத்தான் சொல்கின்றது. கல்லும் குடியும் நேரே புணர்ந்தாற் 'கற்குடி' என வரவேண்டும். இங்கோ இடையில் ஓர் அகரம் நிற்கின்றது. இவ்வூருக்கு அடுத்த தொடர்வண்டி நிலையத்தின் பெயர் 'கல்லகம்' என்பதை நோக்குவார்க்கு அந்த அகரம் வியப்பளிக்காது. கல்லைத் தன்னகத்தே கொண்ட நிலம் கல்லகம். அந்நிலத்தில் அமைந்த குடியிருப்பு கல்லகக்குடி. அது நாவிற் குறுகிக் கல்லக்குடி. சற்று வடகிழக்கே கல்லங்குறிச்சி என்னும் ஊரும் உண்டு. ஆய்வுக்கூடம் எதுவுமின்றி, காலடியிற் கிடப்பது இன்னதென அறிந்து பெயரிட்ட உழவனின் அறிவு இப்பெயர்களிற் பதிந்துள்ளது.

இனி இருப்புப்பாதை. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பழைய பாதை மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாக வளைந்து சென்றது. அவ்வளைவை வில்லெனக் கொண்டால், விழுப்புரத்தையும் திருச்சிராப்பள்ளியையும் நேரே இணைக்கும் பாதையை நாண் எனலாம். ஆங்கிலேயரும் அப்பொருளிலேயே அதற்குப் பெயரிட்டனர். 1920களின் பிற்பகுதியில் தென்னிந்திய இருப்புப்பாதைக் குழுமம் அதனை அமைத்தது. அன்று குறும்பாதையாயிருந்தது இன்று மின்னூர்தி ஓடும் அகன்ற இரட்டைப் பாதையாகிவிட்டது. இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது காலவரிசை. கல் முதலில் இருந்தது. குடி பின் வந்தது. இருப்புப்பாதை அதன்பின் வந்தது. மக்கள் சிமெண்டு என வழங்கும் பைஞ்சுதை ஆலையைத் தால்மியா குடும்பத்தார் அங்கு நிறுவியது அதற்கும் பின்னர், 1939-இல். சுண்ணக்கல்லும் களிமண்ணும் அருகே கிடைத்தன. ஊட்டத்தூர், காரைப் பக்கத்துக் களிமண் படிவங்களில் உறைகல்லாகிய கந்தகச் சுண்ணமும் இருந்தது. செய்பொருளை ஏற்றிச்செல்ல வண்டியும் வாயிலில் நின்றது. இத்தனையும் அணியமாயிருந்த ஊருக்கு வந்தவர், வந்த பின்னர் ஊருக்குத் தம் குடிப்பெயரைச் சூட்டினர்!

இவ்வழக்கம் அக்குடும்பத்தார்க்குப் புதிதன்று. பீகாரில் சோன் ஆற்றங்கரையில் தாம் ஆலை அமைத்த இடத்திற்கும் அவர்கள் தால்மியாநகர் என்றே பெயரிட்டனர். பிற முதலாளியரும் இவ்வாறே செய்யப்பெற்றனர். இன்றைய சார்க்கண்டு மாநிலத்தில் சாக்சி என்னும் சிற்றூர், 1919-இல் ஆங்கில அரசப் பேராளர் செம்சுபோர்டின் வாயால் சம்சேத்பூர் ஆயிற்று. அருகிலிருந்த காளிமாட்டி நிலையம் தாட்டாநகர் ஆயிற்று. சாக்சி என்பது இன்று அப்பெருநகரின் ஒரு பகுதிக்கு மட்டும் பெயராய் ஒடுங்கிவிட்டது. ஆகவே இதனை வடவர் தெற்கின்மேற் செலுத்திய மேலாண்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. முதலுடையார் முதலற்றார்மேற் செலுத்திய மேலாண்மையுமாகும். சாக்சி மக்கள் எழவில்லை. கல்லக்குடிக்காகத் தமிழர் எழுந்தனர் என்பதே வேறுபாடு.

அதே நாண்பாதையில் ஊர்தோறும் இறங்கிப் பார்ப்போர்க்குத் தமிழ் ஊர்ப்பெயர்கள் சிதைந்த வழிகள் அத்தனையும் தென்படும். இலால்குடியின் பழம்பெயர் திருத்தவத்துறை. அங்குள்ள செங்கோபுரத்தைக் கண்ட படைத்தலைவர் ஒருவர் தம் மொழியிற் சொன்ன சொல்லே இன்றைய பெயராயிற்று என்பது ஊர்வழக்கு. பெண்ணாகடம் என்பது நாத்தேய்வாற் பெண்ணாடம் ஆனது. இது மொழியின் இயல்பு, யார்மேலும் குற்றமில்லை. முதுகுன்றமோ மொழிபெயர்க்கப்பட்டது. 'முது' என்பதற்கு 'விருத்த' என்றும், 'குன்றம்' என்பதற்கு 'அசலம்' என்றும் வடசொல் வைத்து விருத்தாசலம் ஆக்கினர். தேவாரம் பாடிய மூவரும் முதுகுன்றம் என்றே வழங்கிய ஊர் அது! படைவலியும் நாத்தேய்வும் மொழிபெயர்ப்பும் பல நூற்றாண்டுகளிற் செய்ததைக் கல்லக்குடியிற் பணம் சில ஆண்டுகளிற் செய்து முடித்தது.

1953-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் திராவிட முன்னேற்றக் கழகம் மும்முனைப் போராட்டத்தை அறிவித்தது. இராசகோபாலாச்சாரியார் கொணர்ந்த அரைநேரக் கல்வித் திட்டத்தை எதிர்ப்பது ஒன்று. தமிழகத்துப் போராட்டங்களைத் தலைமையமைச்சர் நேரு இழித்துரைத்தமையைக் கண்டிப்பது ஒன்று. தால்மியாபுரத்தைக் கல்லக்குடியாக்குவது ஒன்று. சூலை 15-ஆம் நாள், 29 அகவையினரான மு. கருணாநிதியின் தலைமையில் ஒரு குழுவினர் நிலையத்தை அடைந்து, பலகையிலிருந்த தால்மியாபுரம் என்னும் பெயரின்மேற் 'கல்லக்குடி' என்று அச்சிட்ட தாளை ஒட்டினர். பின்னர் வண்டியின்முன் தண்டவாளத்திற் படுத்தனர். அவர்கள் தளைசெய்யப்பட்டபின் கண்ணதாசன் தலைமையில் மற்றொரு குழு சென்றது. அன்றைய நிகழ்ச்சிகளில் இருவர் மாண்டனர். கருணாநிதிக்கு ஐந்து திங்கள் சிறை. கண்ணதாசனும் சிறை சென்றார்.

போராட்டத்தின் பயனாய்ப் பலகை உடனே மாறிவிடவில்லை. கல்லக்குடி ஒரு தலைவரின் புகழுக்கு அடைமொழியாயிற்று, மேடைதோறும் முழங்கப்பட்டது, நிலையத்தின் பெயர் மாறுதற்கோ பல்லாண்டு சென்றது. அது மாறியபின், செய்யவேண்டிய பணி முடிந்துவிட்டதென அனைவரும் அமைந்துவிட்டனர். 1967 முதல் இன்றுவரை தமிழகத்தை ஆண்டோர் அனைவரும் கழகப் பெயர் தாங்கியோரே. அவ்வளவு நெடிய காலத்தில், அதே ஊரின் அஞ்சலகப் பெயரை மாற்றி முடிக்க எவராலும் இயலவில்லை என்பதை என்னென்பது! 2020 சூனில் 1,018 ஊர்களின் பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப எழுத ஓர் அரசாணை வந்தது. எழுத்துக்கூட்டலிற் குறை சொல்லப்பட்டதால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில எழுத்துக்கு அத்தனை பாடு! தமிழ் எழுத்தில் எழுதினாலும் தமிழாகாத பெயர்கள் அப்படியே கிடக்கின்றன.

பலகைக்குக் கீழேயும் ஒன்று நிகழ்ந்துள்ளது. பலர் அதனை அறியார். 19-ஆம் நூற்றாண்டில் இப்பகுதிக் கற்களை ஆய்ந்த பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர், அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அயலவராயினும் அந்தந்த மண்ணின் பெயரையே அதனதன் கல்லுக்கு இட்டார். பின்வந்த நிலவியலார் அத்தொகுதிகளை நுணுகிப் பிரித்தபோது காரை, குளக்கால்நத்தம், கல்லங்குறிச்சி என்னும் ஊர்ப்பெயர்களை எடுத்துக்கொண்டனர். நன்று. ஆனால் கல்லக்குடிச் சுண்ணக்கல்லுக்கு மட்டும் 'தால்மியாபுரம் படிவம்' என்பது பெயராயிற்று. பத்துக் கோடி ஆண்டுப் பழமையுடைய பாறை, 1939-இல் வந்த ஆலையாரின் பெயரால் உலகெங்கும் படிக்கப்படுகின்றது. அவ்வறிஞர்மேற் பழி சுமத்துவதிற் பொருளில்லை. கையிலிருந்த நிலப்படத்தில் என்ன பெயர் இருந்ததோ அதனையே அவர்கள் எழுதினர். ஊரார் தம் பெயரைக் காவாவிடின் கல்லும் அதனை இழக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆலை இல்லையேல் அவ்வூருக்குப் பிழைப்பேது, பெயர் சூட்டியது தவறா என்று வினவுவோர் உளர். ஆலையால் பல குடும்பங்கள் சோறுண்டன என்பது மெய். அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆயின், அச்சோறு இலவயமாக வந்ததன்று. ஊரின் கல் வெட்டி எடுக்கப்பட்டது. ஊரின் தோள் உழைத்தது. கல்லுக்கும் தோளுக்கும் விலை உண்டு, பெயருக்கு விலை பேசப்படவே இல்லை. ஆலைக்குத் தால்மியா ஆலை என்று பெயரிருப்பதை எவரும் எதிர்க்கவில்லை. அவர்கள் கட்டியதற்கு அவர்கள் பெயர். அவர்கள் கட்டாத ஊருக்கு அப்பெயர் எதற்கு?

பெயர் மாற்றம் நடுவணரசின் நெறிமுறைக்கு ஒவ்வாதென அலுவலர் சிலர் சொல்லக்கூடும். ஊர்ப்பெயர் மாற்றம் பற்றிய அந்நெறிமுறை கல்லக்குடிப் போராட்டம் நடந்த அதே 1953-இல் உள்துறையால் வகுக்கப்பெற்றது. வரலாற்றுத் தொடர்புடைய பெயர்களைக் கூடியவரை மாற்றலாகாது, வட்டாரப் பற்று, மொழிப்பற்று என்பவற்றை மட்டும் காட்டி மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். அந்நெறிமுறையைக் கொண்டே வழக்குரைக்கலாம். இங்கு வரலாற்றுப் பெயர் எது? மாற்றப்பட்டது எது? கல்லக்குடி என மீட்பது பெயர் மாற்றமாகாது. முன்பு நிகழ்ந்த மாற்றத்தை நீக்குவதேயாகும். நடுவணரசின் மற்றொரு துறையாகிய தொடர்வண்டித் துறையே கல்லக்குடி என ஏற்றுக்கொண்டபின், அஞ்சல் துறை மறுப்பதற்கு என்ன இருக்கின்றது?

எனவே கல்லக்குடிப் பேரூராட்சி மன்றம் இதன்மேல் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியர் வழியாக மாநில அரசுக்கு விடுத்தல் வேண்டும். மாநில அரசு அதனை அஞ்சல் துறைக்குப் பரிந்துரைத்தல் வேண்டும். இலால்குடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் எக்கட்சியினராயினும் இதனைக் கேட்கும் கடமையுடையவர். நிலவியல் கற்பிக்கும் தமிழாசிரியரும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரும் அப்பாறையைக் கல்லக்குடிச் சுண்ணக்கல் என்றே மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கலாம். அதற்கு எவர் இசைவும் தேவையில்லை. ஆணை வரும்வரை, அவ்வூருக்கு மடல் விடுப்போர் 'கல்லக்குடி, 621651' என்றே உறையில் எழுதுக. எண் பிழையின்றி இருப்பின் மடல் சென்று சேரும்.