நடுராத்திரி வலிக்கு விலை பேசுகிறவர்கள்

இரவு பதினொரு மணிக்கு மேல் டிவி யாருக்காக ஓடுகிறது? வேலைக்குப் போகிறவர்கள் தூங்கிவிடுகிறார்கள். இளசுகள் கையில் செல்போன். மிச்சம் நம்மைப் போன்ற கிழங்கள்தான். மூட்டு வலி, இடுப்புப் பிடிப்பு, கால் எரிச்சல் என்று படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கிடப்பவர்கள். இது விளம்பரக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பழைய படம் வலிக்கு ஒரு ஒத்தடம். கிண்டலாகச் சொல்லவில்லை. போன வாரம் முழங்கால் விண்விண் என்று தெறித்த ஓர் இரவில், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பார்த்தேன். 1962-இல் ஸ்ரீதர் எடுத்தது. ஏறக்குறைய முழுக் கதையும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும். முத்துராமன் புற்றுநோயாளி, தேவிகா அவர் மனைவி, அந்த மனைவியை முன்பு காதலித்த டாக்டராகக் கல்யாண்குமார். பழைய காதலியின் கணவனைப் பிழைக்க வைத்துவிட்டு டாக்டர் இறந்துபோவார். தெரிந்த கதைதான். ஆனாலும் அவர்கள் வேதனையைப் பார்க்கிறபோது நம் கால் கொஞ்ச நேரம் மறந்துபோகிறது.

அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் கூறுபோட்டு விற்கிறார்கள். ஆபரேஷன் கட்டம் நெருங்கும்போது படம் நிற்கிறது. வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருவர் வருகிறார். பத்தே நாளில் தேய்ந்த மூட்டு வளருமாம். ஒரு பாட்டி கைத்தடியை வீசிவிட்டு மாடிப்படி ஏறுகிறார். உடனே போன் செய்தால் ஒன்றுக்கு ஒன்று இலவசம். படத்தில் ஒரு நோயாளிக்காக உயிரைக் கொடுக்கும் டாக்டர். இடைவேளையில் நோயாளியின் பென்ஷனைப் பிடுங்கும் ‘டாக்டர்’.

“விளம்பரம் இல்லாமல் படம் எப்படிப் போடுவது?” என்று கேட்பார்கள். போடட்டும். சோப்பு விற்கட்டும், சேலை விற்கட்டும். அதற்கும் அளவு உண்டு: கேபிள் டிவி விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள் கணக்குப் பாருங்கள்.

நோயைக் குணமாக்குவதாகச் சொல்லும் விளம்பரத்துக்கோ 1954-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் அது. 54 நோய்களின் பட்டியல் அதில் இருக்கிறது. வாதம், சர்க்கரை, ரத்த அழுத்தம், பக்கவாதம் எல்லாம் உண்டு. இவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்தால் முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். சட்டம் தூங்குகிறது, நாம்தான் விழித்திருக்கிறோம்.

“பிடிக்காவிட்டால் சேனலை மாற்றுங்கள்” என்பார்கள். வலி தாங்காதவன் ராத்திரி இரண்டு மணிக்கு எதையும் நம்புவான். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், நாற்பது வருஷம் கடலுக்குப் போன உடம்பு. தைலத்தோடு பார்சலில் வந்த ‘மூலிகை’ மாத்திரையையும் விழுங்கினார். வலி மாயமாகக் குறைந்தது. சர்க்கரை கண்டபடி ஏறியது. ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று அறந்தாங்கி டாக்டர் சந்தேகப்பட்டார். அட்டையில் என்ன மருந்து என்றே போடவில்லை. இப்படிக் கலப்படம் செய்த மாத்திரைகள் நம் நாட்டில் பல முறை பிடிபட்டிருக்கின்றன.

எண்ணெய் போட்டு உருவினால் சற்று இதமாக இருக்கும், அதை மறுக்கவில்லை. அதை நம் வீட்டு எண்ணெயே செய்யும். தேய்ந்த குருத்தெலும்பை எந்தத் தைலமும் வளர்க்காது.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள், காசு வாங்காமல். நடமாட முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைக்கலாம். நடுராத்திரியில் இதை யாராவது விளம்பரம் செய்தால் புண்ணியமாகப் போகும்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை அந்த வெள்ளைக் கோட்டு வரும்போது சேனல் பெயர், தேதி, நேரம், தைலத்தின் பெயர் நான்கையும் குறித்து வையுங்கள். சேனலுக்கே புகார் எழுதுங்கள். 2021-இல் திருத்திய விதிப்படி 15 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன். எப்படியும் நமக்குத் தூக்கம் வரப்போவதில்லை.