அப்பாவின் ஃபேவர் லூபாவுக்கு இன்னும் மவுசு உண்டா?

சென்ற தீபாவளிக்கு மறுநாள் என் மகனின் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கோயமுத்தூர்ப் பிள்ளை. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. பழைய கைக்கடிகாரங்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. பேச்சுவாக்கில், "அங்கிள், உங்க அப்பாகிட்ட ஃபேவர் லூபா வாட்ச் இருந்ததாமே, பார்க்கலாமுங்களா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பீரோவைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த 'சீ சீஃப்' கடிகாரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அரை நிமிடம்தான் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "டயல் மாத்திட்டாங்களே அங்கிள்" என்று சொல்லி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாற்றியவன் நான்தான். 1967-ல் திருமணத்தின்போது என் தாத்தா மாப்பிள்ளைக்குப் போட்ட கடிகாரம் அது. அப்பா அதைக் கட்டிக்கொண்டுதான் ஜாலஹள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு முப்பது ஆண்டுகள் ஷிப்டுக்குப் போய்வந்தார். அவர் காலமான மறு ஆண்டு, 2010-ல், நகரத்தில் ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். டயல் மஞ்சளாகி, ஓரத்தில் வியர்வைக் கறை படிந்திருந்தது. "புதுசு போல ஆக்கித் தருகிறேன்" என்றார் கடைக்காரர். நானும் சரி என்றேன். ஒரு வாரத்தில் பளபளவென்று வந்தது. அம்மா மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா கட்டினப்போ இப்படி இல்லையேடா" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பிள்ளை போன பிறகு எனக்குள் எழுந்த கேள்வியைத்தான் வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன். ஃபேவர் லூபா போன்ற பழம்பெரும் சுவிஸ் கடிகாரத்துக்கு இன்றும் மவுசு இருக்கிறதா? இருந்தால், எதற்காக இருக்கிறது? நம்மில் பல வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ விட்டுச்சென்ற ஒரு கடிகாரம் பீரோவில் தூங்கிக்கொண்டிருப்பதால், இது என் வீட்டுக் கவலை மட்டுமல்ல என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பெயரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தின் லெ லாக்ல் என்ற ஊரில் அபிரகாம் ஃபேவர் என்பவர் கடிகாரத் தொழில் செய்ததற்கு 1737-ஆம் ஆண்டுப் பதிவு இருக்கிறது. அந்த ஆண்டையே கம்பெனி தன் பிறந்த ஆண்டாகக் கொள்கிறது. பின்னாளில் லூபா குடும்பம் சேர்ந்து இரட்டைப் பெயர் வந்தது. 1860-களிலேயே அந்தக் குடும்பத்தினர் வியாபாரத்துக்காக இந்தியாவுக்கு வந்துவிட்டார்கள். பம்பாயில் அவர்களுக்கு நிறுவனம் இருந்தது. அதனால்தான் வேறு பல சுவிஸ் பெயர்கள் நமக்குத் தெரியாத காலத்திலும் 'பேவர் லூபா' என்பது நம் கல்யாண வீடுகளில் புழங்கிய சொல்லாக இருந்தது.

வெறும் அலங்காரக் கம்பெனியும் இல்லை அது. 1962-ல் அவர்கள் கொண்டுவந்த 'பிவுவாக்' கடிகாரம் மலை ஏறுபவருக்கு உயரத்தையும் காற்றழுத்தத்தையும் காட்டியது. பாட்டரி கிடையாது, எல்லாம் உள்ளே இருக்கும் சிறு உலோகப் பெட்டி விரிந்து சுருங்குவதால் நடப்பது. 1960-களின் இறுதியில் வந்த 'பாத்தி' கடலில் மூழ்குபவருக்கு ஆழத்தைக் காட்டியது. இவை இரண்டும் இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருள்கள். நம் ஊரில் புழங்கிய சீ சீஃப், சீ கிங் ஆகியவை எளிய ரகம். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். பதினேழு கல் வைத்தது. 'கல்' என்றால் நகைக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்காக வைக்கப்படும் செயற்கை மாணிக்கம் அது.

பிறகு என்ன ஆயிற்று? 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சாவி கொடுக்கும் கடிகாரத் தொழிலே ஆட்டம் கண்டது. ஃபேவர் குடும்பத்தாரும் 1980-களில் கம்பெனியைக் கைவிட நேர்ந்தது. பெயர் மட்டும் கை மாறிக் கை மாறி வந்தது.

இங்கேதான் கதை நம் ஊருக்கு வருகிறது. 2011-ல் அந்தப் பெயரை வாங்கியது யார் தெரியுமா? பெங்களூரில் தலைமை அலுவலகமும் ஓசூரில் தொழிற்சாலையும் கொண்ட டைட்டன். தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் 1984-ல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம். 20 லட்சம் யூரோ கொடுத்து, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுப் பாரம்பரியத்தை வாங்கினார்கள். செய்தியைப் படித்தபோது நம்மவர் பலரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம்.

2016-ல் புதிய கடிகாரங்கள் வந்தன. மறு ஆண்டு வந்த பிவுவாக் 9000 ஒன்பதாயிரம் மீட்டர் உயரம் வரை காட்டக்கூடியது. எவரெஸ்ட்டை விட உயரம்! பொறியியல் சாதனை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் அகலம் 48 மில்லிமீட்டர். அப்பாவின் சீ சீஃப் 35 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். விலையோ லட்சங்களில். எதிர்பார்த்த விற்பனை வரவில்லை. 2020-ல், கொரோனா ஆண்டில், டைட்டன் இந்தத் தொழிலைச் சுருக்கிக்கொண்டது. 2023-ல் ஈத்தோஸ் கடிகாரக் கடைகளை நடத்தும் குழுமம் பெயரை வாங்கிக்கொண்டது. 2024-ல் ஜெனீவாவில் மறுபடியும் அறிமுகம். இம்முறை பழைய வடிவங்களில் சிலவற்றையே தூசு தட்டி எடுத்திருக்கிறார்கள்.

டைட்டனுக்குக் கடிகாரம் செய்யத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. பின் ஏன் கைகூடவில்லை? என் கருத்து இதுதான்: அவர்கள் வாங்கியது பெயரை. அந்தப் பெயரின் மேல் ஆசை வைத்திருந்த ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்ததோ அப்பாவின் மணிக்கட்டை. சட்டைக் கைக்குள் அடங்கும் மெல்லிய, கல்யாணக் கடிகாரம் அது. மலை ஏறாத நமக்கு 48 மில்லிமீட்டர் மலைக் கடிகாரம் எதற்கு? மலை ஏறும் ஐரோப்பியருக்கோ இந்தப் பெயர் மறந்தே போயிருந்தது.

இதற்கு நேர் மாறான உதாரணமும் பெங்களூரிலேயே உண்டு. சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு 1961-ல் இங்கே தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரப் பிரிவுக்கு முந்நூறு ஆண்டுப் பாரம்பரியமோ சுவிஸ் முத்திரையோ கிடையாது. ஜனதா, பைலட், கோஹினூர் எல்லாம் சாமானியன் கட்டியவை. 2014-ல் மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் கடைகளில் கூட்டம் அலைமோதியது. 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை மூடலுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்குப் பிறகு அந்தக் கடிகாரங்களைத் தேடுவோர் கூடினார்களே தவிரக் குறையவில்லை. தேடுபவர்களில் பலர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். கைபேசியில் மணி பார்த்து வளர்ந்த பிள்ளைகள்! மவுசு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். யாருடைய வாழ்க்கையோடு ஒரு பொருள் ஒட்டியிருந்ததோ, அவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் அதன் மேல் ஆசை தீர்வதில்லை.

அப்படியானால் அப்பாவின் சீ சீஃபுக்கும் மவுசு இருக்க வேண்டுமே? இருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. கை படாததாக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் பழைய கடிகாரங்களின் டயலைச் சுரண்டி, புதிதாக வண்ணம் அடித்து, எழுத்தை அச்சிட்டு விற்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. கம்பெனி கனவிலும் செய்யாத நீலமும் ஆரஞ்சும் அடித்து, வேறு வேறு கடிகாரங்களின் பாகங்களை ஒன்றாகக் கோத்து, 'ஒரிஜினல்' என்று விற்கிறார்கள். ஃபேவர் லூபாவும் எச்.எம்.டி.யும் இதில் அதிகம் அடிபட்ட பெயர்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலிப் பெயரே வைத்துவிட்டார்கள். விளைவு, இந்தியாவிலிருந்து வரும் பழைய கடிகாரம் என்றாலே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். யோக்கியமான கடிகாரத்துக்கும் விலை இறங்கிவிடுகிறது. ஒரு பெயரை உலகிலேயே அதிகமாக நேசித்த நாம்தான் அதன் மதிப்பையும் கெடுத்திருக்கிறோம். அந்தக் கணக்கில் என் பங்கும் ஒன்று.

"கடிகாரம் கட்டுவதற்குத்தானே ஐயா, காட்சிக்கா? கறை படிந்தால் மாற்றுவதில் என்ன தப்பு?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உடைந்த கண்ணாடியை மாற்றலாம். ஸ்பிரிங் அறுந்தால் புதிது போடலாம். உள்ளே எண்ணெய் காய்ந்துபோகும், ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் இட்டே ஆகவேண்டும். இவையெல்லாம் வைத்தியம். டயல் மட்டும் முகம். அதைத் துடைத்துவிட்டால் அப்பா பார்த்த அந்த முகம் திரும்பி வராது. மஞ்சள் படர்ந்தது குறை என்று நான் நினைத்தேன். அந்த மஞ்சளைத்தான் சேகரிப்பவர் காசு கொடுத்துத் தேடுகிறார். அம்மாவும் அதைத்தான் தேடினார்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன். பீரோவில் உள்ள கடிகாரத்தை அவசரப்பட்டு எடைக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ போட்டுவிடாதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது 'டயலையும் கேசையும் தொடவேண்டாம்' என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் ரசீதில் எழுதி வாங்குங்கள். கேசைப் பாலிஷ் போட்டாலும் விளிம்புகள் மழுங்கிப் போகும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

புதிதாக வாங்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை பி.வி.கே. ஐயங்கார் சாலைச் சந்தையில் பளபளப்பைக் கண்டு ஏமாறாதீர்கள். எழுத்து தடித்தோ கோணலாகவோ இருந்தால், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு பொருந்தாவிட்டால், அடியில் 'ஸ்விஸ் மேட்' காணாமல் போயிருந்தால் விலகி வாருங்கள். ஃபேவர் லூபாவின் சின்னம் மணற்கடிகாரம். சாவி கொடுக்கும் குமிழில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பின்மூடியைத் திறந்து உள்ளே கம்பெனிப் பெயர் இருக்கிறதா என்றும் காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

என் கடிகாரத்தை நான் விற்கப் போவதில்லை. இன்னமும் காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை ஓடுகிறது. அந்தக் கோயமுத்தூர்ப் பிள்ளை போன அன்று இரவு ஒரு துண்டுத் தாளில் எழுதி அதன் பெட்டிக்குள் வைத்தேன்: 'மாமனார் போட்டது, 1967. அப்பா கட்டியது. டயல் 2010-ல் என்னால் மாற்றப்பட்டது.' நாளை என் பேரன் இதை யாரிடமாவது பெருமையாகக் காட்டும்போது, அவன் முகம் என்னைப் போல் வாடக்கூடாது அல்லவா?