மீன் செத்தது யார் குற்றம்?



பெருநாள் வந்தால் பிள்ளைகளின் கையில் பெருநாள் காசு சேரும். அதை என்ன செய்வது என்று ஒரு வாரத்துக்குக் கனவு காண்பார்கள். ஒன்பது வயதான என் இளைய மகன் இம்முறை, "உம்மா, எனக்கு மீன் வளர்க்கணும்" என்று பிடிவாதமாக நின்றான். பட்டாசில் கரியாக்குவதைவிட இது நல்லதுதானே என்று நானும் சம்மதித்து, நகரிலுள்ள ஓர் அலங்கார மீன் கடைக்கு அவனைக் கூட்டிச் சென்றேன். அதன்பின் நடந்தவற்றையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். மீன் வளர்க்காத சகோதரிகளுக்கும் இதில் பயன் உண்டு.

மகன் ஒரு வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தைத் தெரிவு செய்தான். அரை வாளித் தண்ணீர்தான் கொள்ளும். கடையில் நின்ற இளைஞரிடம் நான் கேட்டேன்.

"தம்பி, இதுக்குள்ள எத்தனை மீன் விடலாம்?"

"அஞ்சாறு தாராளமா விடலாம் தாத்தா."

"பில்டர் ஒன்றும் தேவையில்லையா?"

"சின்ன மீனுக்கு எதுக்கு? ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணிய முழுசா மாத்துங்க, போதும்."

"இது பெரிசா வளருமே?"

"தொட்டிட அளவுக்குத்தான் வளரும் தாத்தா. பயப்பட வேணாம்."

நான்கு கோல்ட்பிஷ், அழுக்கைத் தின்னும் என்று ஒரு 'டேங்க் கிளீனர்', ஒரு பக்கற் தீன். மகனின் பெருநாள் காசு அவ்வளவும் முடிந்தது. வீட்டுக்கு வந்து கிண்ணத்தில் பைப் தண்ணீரை நிரப்பி மீன்களைக் கொட்டினோம்.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது என்று நினைத்து மகன் இன்னும் தீன் போட்டான். நான்காம் நாள் காலையில் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. "நீ அள்ளி அள்ளித் தீன் போட்டதாலதான் செத்துப்போச்சு" என்று நான் ஏசினேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

மறுபடியும் கடைக்குப் போனேன். "வருத்தம் வந்திருக்கும்" என்று அதே தம்பி ஒரு நீல மருந்தும், செத்தவற்றுக்குப் பதிலாக இரண்டு மீன்களும் விற்றார். வாரம் முடியுமுன் எல்லாமே செத்தன. மகன் கிண்ணத்தைக் கழுவிக் குசினியின் பின்புறத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கு இனி மீன் வேணாம் உம்மா. நான் வளர்த்தா சாகும்" என்றான்.

சகோதரிகளே, போன காசைவிட அந்தச் சொல்தான் எனக்குப் பாரமாக இருந்தது.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பல வருடங்களாக மீன் வளர்ப்பவர். நடந்ததை அவரிடம் சொன்னேன். "உங்கட புள்ளயில பிழையில்ல மகள். தீன் கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனா அந்தக் கிண்ணத்துக்குள்ள அத்தனை மீன் தப்புறது கஷ்டம்" என்றார். பிறகு மாஸ்டர் விளங்கப்படுத்தியதை என் சொல்லில் தருகிறேன்.

மீன் தான் வாழும் தண்ணீருக்குள்ளேயே கழிவையும் விடுகிறது. அதன் பூக்களின் வழியாக அமோனியா வெளியேறுகிறது. மிஞ்சிய தீன் அழுகும்போதும் அமோனியாதான் உண்டாகும். அது மீனுக்கு நஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான், இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதை அது தடுக்கும். வேறொரு வகைப் பற்றீரியா அதை நைத்திரேற்றாக மாற்றும். இதனால் வரும் கெடுதி மிகக் குறைவு. இந்த நல்ல பற்றீரியாக்கள் பில்டரின் ஸ்பொஞ்சிலும் கற்களிலும்தான் குடியிருக்கும். புதிய தொட்டியில் அவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் வரை செல்லும்.

எங்கள் கிண்ணத்தில் பில்டரும் இல்லை, நாட்களும் இல்லை. மீன்கள் வாயைத் திறந்தது பசியால் அல்ல, மூச்சுத் திணறியதால். பைப் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கப்படும் குளோரின் மீனின் பூக்களை அரிக்கும். தண்ணீரை முழுதாக மாற்றிய ஒவ்வொரு தடவையும் புதுக் குளோரினை ஊற்றினோம். நீல மருந்து, உண்டாகத் தொடங்கிய நல்ல பற்றீரியாவையும் கெடுத்திருக்கும். அதற்குமேல் புது மீன் வேறு விட்டோம்.

தொட்டியின் அளவுக்குத்தான் மீன் வளரும் என்பதும் பிழை. நன்றாக வளர்த்தால் கோல்ட்பிஷ் 20 சென்டிமீற்றர் வரைகூட வளரும், 10 வருடங்களுக்கு மேல் வாழும். சிறிய கிண்ணத்தில் அது வளராமல் இருப்பது கெட்ட தண்ணீரில் நலிந்து போவதால்தான். டேங்க் கிளீனர் 30 சென்டிமீற்றரையும் தாண்டும். பெரிதானதும் பலர் அதைக் கால்வாயிலும் குளத்திலும் விட்டுவிடுகிறார்கள். இன்று நம் நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி, உள்ளூர் மீன்களுக்கும் மீனவர்களின் வலைகளுக்கும் தொல்லையாகிவிட்டது. எந்த வளர்ப்பு மீனையும் வெளியே விடாதீர்கள்.

மகனை அருகில் அழைத்து, "மீன் செத்தது உன்னால இல்ல மகன். உம்மா தெரியாமல் ஏசிவிட்டேன்" என்றேன். அவன் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும்! பிள்ளையிடம் பிழையை ஒப்புக்கொண்டால் நம் மதிப்புக் குறைந்துவிடாது.

அந்தக் கடைத் தம்பி என்னை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. விற்பதற்காக நிறுத்தப்பட்ட பிள்ளை, கேள்விப்பட்டதைச் சொன்னார். பிழை என்னிடமும் இருந்தது. உயிருள்ள ஒன்றை வாங்கப்போகும் நான், விற்பவரின் பேச்சை மட்டும் நம்பிப் போனேன். சீலைக் கடையில் சாயம் போகுமா என்று பத்துத் தடவை கேட்கும் நாம், இங்கே இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

உங்கள் பிள்ளையும் மீன் கேட்டால் இவற்றை நினைவில் வையுங்கள்:

முதலில் தொட்டி, பிறகு மீன். இரண்டையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். 40 லீற்றர் அளவுள்ள தொட்டியும் ஸ்பொஞ்ச் பில்டரும் தொடங்கப் போதும். தெரிந்தவர் வீட்டிலுள்ள பழைய ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் நல்ல பற்றீரியா விரைவில் பெருகும். தொடக்கத்தில் ஓரிரு மீன்களே விடுங்கள்.

பைப் தண்ணீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் சேர்த்த தண்ணீரென்றால் அது போகாது. குளோரின் நீக்கும் மருந்தை வாங்கிச் சேர்க்க வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஸ்பொஞ்சைப் பைப்பில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீன் போடுங்கள்.

கோல்ட்பிஷ் குளிரான தண்ணீரை விரும்புவது. நம் வெப்பத்துக்கு கப்பியும் பைட்டரும் பொருந்தும். பைட்டர் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கக்கூடியது. அதனால்தான் கடையில் அதைப் போத்தலில் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து மற்ற மீன்களும் அப்படி வாழும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆண் பைட்டர்கள் இரண்டை ஒன்றாக விட்டால் சண்டையிட்டுச் சாகும்.

கடைக்காரர் நல்லவரா என்று அறிய ஒரு வழி உண்டு. அவர் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். தொட்டி எவ்வளவு பெரிது, தண்ணீர் நிரப்பி எத்தனை நாள், உள்ளே வேறு மீன் உண்டா என்று விசாரித்து, "இன்று வேண்டாம், சில வாரம் கழித்து வாருங்கள்" என்று சொல்பவரை விட்டுவிடாதீர்கள். மீன் செத்தது என்றதும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் மருந்துப் போத்தலை எடுத்து நீட்டினால், ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் மாஸ்டர் தந்த ஸ்பொஞ்சோடு ஒரு தொட்டி இருக்கிறது. மகன் ஐந்து வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருந்தான். மாஸ்டர் சொன்னபடி தினமும் ஒரு சிட்டிகை தீன் மட்டும் போட்டுவந்தான், பற்றீரியாவுக்கும் உணவு வேண்டுமாம். பிறகு மூன்று கப்பி விட்டோம். தண்ணீர் மாற்றும் நாளை ஒரு கொப்பியில் எழுதி வருகிறான். போன வாரம் ஒரு கப்பி குஞ்சு போட்டது. பள்ளிக்கூட உடுப்பைக்கூட மாற்றாமல் ஓடி வந்து, "உம்மா, பதினொன்று!" என்றான்.